மூளைக்கு ஒரு டோல்கேட்

கப்பலூரை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் சொல்ல டோல்கேட் ஒன்று போதும். தியாகராசர் மில் இருக்கிறது, சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. இருந்தும் செய்தியில் அடிபடுவது அந்தக் கேட்தான். சுங்கச்சாவடி என்றால் நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது 2008 கட்டண விதிகளின் பொதுக் கணக்கு. இங்கே திருமங்கலம் நகராட்சியிலிருந்து எட்டிப் பார்த்தாலே சாவடி தெரியும். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாளுக்கு நாலு தரம் கடக்கிறவர்கள், நம்ம ஊர் ரோட்டில் நாம் போக யாருக்குக் காசு என்று வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறார்கள். 2024 ஜூலையில் முற்றுகை, கைது எல்லாம் நடந்தது. மதுரைப் பக்கத்து ஆளுக்கு அநியாய வசூலைக் கண்டால் கோபம் வரும் என்பதற்கு அந்த இடமே சாட்சி.

அதனால்தான் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இதே ஜனம், தன் பிள்ளையின் மண்டைக்குள் ஒருவன் கேட் போட்டு வசூல் செய்யும்போது மறியல் செய்வதில்லை. வரிசையில் நின்று ஜிபே செய்கிறது.

கேட் இருக்கும் இடம், இடது மூளைக்கும் வலது மூளைக்கும் நடுவில். உங்கள் மகன் வாசிக்கத் திணறுகிறானா, ஏழாம் வாய்ப்பாடு மனதில் நிற்கவில்லையா, போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதவே அரைமணி நேரம் ஆகிறதா? கவலை வேண்டாம். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்பதெல்லாம் காரணமே கிடையாது. இரண்டு மூளைக்கும் நடுவே போக்குவரத்து அடைத்திருக்கிறது. வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொடச் சொல்லுங்கள். பிறகு இடது முழங்கை, வலது முழங்கால். இதற்குக் 'குறுக்கு நடை' என்று பெயர். காற்றில் படுத்த வாக்கில் ஒரு எட்டு போடட்டும். காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரலால் தேய்க்கட்டும், மற்றக் கை தொப்புளில். அங்கேதான் 'மூளைப் பொத்தான்' இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கழுத்துத் தமனி விழித்துக்கொண்டு ரத்தத்தை மேலே அனுப்பும். கல்யாண மண்டபத்து ஏசியில், கழுத்தில் மைக் மாட்டிய ஒருவர் இதை ஒரு பகல் முழுக்கச் சொல்வார். சாயங்காலம் சான்றிதழ். அடுத்த நிலைக்குத் தனிக் கட்டணம்.

இரண்டு மூளைப் பாதிகளுக்கும் நடுவே சுமார் 20 கோடி நரம்பு இழைகள் தாயின் வயிற்றிலேயே பாலம் கட்டி முடித்துவிடுகின்றன. உங்கள் மகன் இடது காலையும் வலது காலையும் மாற்றி மாற்றி வைத்து மேடை வரைக்கும் நடந்து போனானே, அப்போதும் அந்தப் பாலத்தில் போக்குவரத்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சாலையில் ஒரு கம்பை நட்டுவிட்டு, கம்பைத் தூக்குவதற்குக் கட்டணம் கேட்பவருக்கு நெடுஞ்சாலைத் துறையில் என்ன பெயரோ தெரியாது. கல்வித் துறையில் 'ரிசோர்ஸ் பர்சன்' என்று பெயர்.

இந்த வித்தை நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. கலிபோர்னியாவில் பால் டென்னிசன் என்பவரும் அவர் மனைவி கெயிலும் 1980களில் 'பிரெயின் ஜிம்' என்று கடை திறந்தார்கள். மொத்தம் 26 அசைவுகள். பிரிட்டனில் நூற்றுக்கணக்கான அரசுப் பள்ளிகள் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டன. அந்தப் பாடத்தில் ஒரு மணியான இடம் உண்டு: தண்ணீரை விழுங்காமல் வாயில் வைத்திருந்தால் அது அண்ணத்தின் வழியே நேராக மூளைக்குப் போகுமாம். வாய்க்கும் மூளைக்கும் நடுவே மண்டை ஓடு என்று ஒரு சமாச்சாரம் இருப்பதை மறந்துவிட்டார்கள். பதப்படுத்திய உணவில் தண்ணீரே கிடையாது என்றும் ஒரு கண்டுபிடிப்பு. பென் கோல்டேக்கர் என்ற மருத்துவர் 'கார்டியன்' பத்திரிகையில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். 2008இல் அங்குள்ள நரம்பியல், உடலியங்கியல் அறிஞர் சங்கங்கள் சேர்ந்து, இந்த விளக்கங்களுக்கு அறிவியலில் இடமில்லை என்று கல்வி அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டன. அதற்கு முந்தின வருஷம் கீத் ஹயாட் என்ற அமெரிக்கச் சிறப்புக்கல்விப் பேராசிரியர், அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அடிப்படைக்கும் ஆதாரமில்லை, பலனுக்கும் ஆதாரமில்லை என்று எழுதியிருந்தார்.

இதற்கும் ஒரு தாத்தா உண்டு. பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ என்று இருவர், பின்தங்கிய பிள்ளைகளை மறுபடியும் தவழ வைத்தால் மூளை விட்ட இடத்திலிருந்து வளரும் என்றார்கள். வீட்டில் நாலைந்து பேர் பிள்ளையின் கையையும் காலையும் தலையையும் பிடித்து நாளுக்குப் பல தடவை ஆட்ட வேண்டும். அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் கழகம் 1968இல் எச்சரித்தது, 1982இல் எச்சரித்தது, 1999இல் மறுபடியும் எச்சரித்தது. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது என்பதிலேயே வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிகிறது. அங்கே விலை போகாத மாத்திரை இங்கே வருவது போல, அங்கே சிரித்துத் தள்ளிய வித்தைகள் பத்து வருஷம் கழித்து நம்மிடம் 'சர்வதேச அங்கீகாரம்' பெற்று இறங்குகின்றன.

பிரெயின் ஜிம்மின் அந்த 26இல் ஒன்று 'யோசிக்கும் தொப்பி'. காது மடலை மேலிருந்து கீழாக விரலால் உருவி விட வேண்டும், கவனம் கூடும். ஐயா, எங்கள் கணக்கு வாத்தியார்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக இலவசமாகச் செய்து வந்தார்கள். நாங்கள்தான் புரியாமல் அழுதோம்.

தோப்புக்கரணத்தின் கதை இன்னும் விசேஷம். பிள்ளையாருக்கு முன்னால் பக்தி, வகுப்பறையில் தண்டனை என்று இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த அதை, பிலிப்பைன்ஸில் பிராணிக் ஹீலிங் நடத்திய சோவா கோக் சூயி 2005இல் 'சூப்பர்பிரெயின் யோகா' என்று புத்தகமாகப் போட்டார். லாஸ் ஏஞ்சல்ஸ் டிவி ஒன்றில் அமெரிக்கர்கள் காதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார்கள். அந்த வீடியோ வாட்ஸப்பில் வந்ததும் நமக்குப் புல்லரித்தது. பாட்டி சொன்னபோது வராத புல்லரிப்பு! 2018இல் ஹரியானா பள்ளிக் கல்வி வாரியம் பிவானியில் இருக்கும் தன் பள்ளியில் இதைச் சோதனை முறையில் தொடங்குவதாக அறிவித்தது. இப்போது சட்டத்தின் நிலையைப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: மாணவரை உடலால் தண்டிக்கக் கூடாது, மீறினால் துறை நடவடிக்கை. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஆசிரியர் பத்து தோப்புக்கரணம் போடச் சொன்னால் மெமோ. அதே பத்தை மைக் வைத்துச் சொன்னால் நினைவுத்திறன் பயிற்சி. தண்டனைக்கும் சிகிச்சைக்கும் நடுவில் ஒரு ரசீதுதான் வித்தியாசம்.

கண்ணைக் கட்டிப் படிக்க வைத்த கும்பலை விட்டுவிட்டால் பாவம். 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்று தமிழ்நாடு முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்கள். பிள்ளைகள் கறுப்புத் துணிக்குக் கீழே, மூக்கின் ஓர இடுக்கு வழியாகப் பார்த்து வாசித்தார்கள். நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் அந்த இடுக்கை அடைத்துக் காட்டியதும் மூன்றாம் கண் மூடிக்கொண்டது. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் வித்தை பொய் என்பதற்காக இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு, அப்பா அம்மா முன்னால் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு 'தெரியவில்லை, உணர்ந்தேன்' என்று பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தார்களே, அதற்கு. டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மாவட்டத்திலும் அந்தப் போஸ்டருக்கு ஒட்ட இடம் கிடைத்தது. போர்டைப் பார்த்து எழுதத் திணறும் பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது கண்ணைப் பரிசோதிப்பது. கண்ணாடி போட்டதும் 'மக்கு' மறைந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். அரசுப் பள்ளிகளில் இதற்கென்று கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது, கண்ணாடியும் இலவசம். இலவசம் என்பதாலேயே அதற்கு மண்டபத்தில் கூட்டம் கூடுவதில்லை.

ஓடியாடினால் பிள்ளைக்கு நல்லது, கவனமும் கொஞ்சம் கூடும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆய்வுகளும் மறுக்கவில்லை. 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. இதற்குப் பயிற்றுநர் தேவையில்லை. சில்லு ஆடுகிற பிள்ளை ஒற்றைக் காலில் நிற்கிறது, கோட்டைக் கணக்குப் பார்க்கிறது, முறைக்குக் காத்திருக்கிறது. கிட்டிப்புள் அடிக்கிறவன் தூரத்தை அளக்கிறான், தகராறும் செய்கிறான், தகராறைத் தீர்க்கவும் செய்கிறான். கபடி பாடுகிறவனுக்கு மூச்சும் காலும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை. காறை எலும்பைத் தேய்க்கும் எந்தப் பயிற்சியும் இதன் அருகில் வர முடியாது.

அதை எங்கே ஆடுவது என்றுதான் கேள்வி. கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகள் எரிந்த 2004ஆம் வருஷமே, சிட்டிபாபு குழு பரிந்துரைப்படி தனியார் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலம் இவ்வளவு என்று அரசு ஆணை போட்டது. மாநகராட்சியில் 6 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, கப்பலூர் போன்ற கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். என்ன ஆயிற்று? போன பத்தாண்டில் நிலம் போதாத 746 பள்ளிகளுக்கு வருஷாவருஷம் தற்காலிக அங்கீகாரத்தை நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஒரு கல்யாண மண்டபத்தின் பார்க்கிங் அளவுகூட இல்லாத இடத்தில் நாலு மாடி எழுப்பி, பஸ்ஸை நிறுத்திய இடம் போக மிச்சத்தில் காலைப் பிரார்த்தனை நடத்துகிற பள்ளிதான், பிள்ளைகளுக்கு அசைவுப் பயிற்சி வேண்டும் என்று வெளியாளைக் கூப்பிடுகிறது. ஓட இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, நின்ற இடத்தில் கால் தூக்கக் காசு. இதற்கு மேல் ஒரு வியாபாரப் புத்தி இருக்க முடியாது.

இடம் உள்ள பள்ளியில் நேரம் இல்லை. அட்டவணையில் பி.டி. பீரியடு அழகாக எழுதியிருக்கும். மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் உள்ளே வருவார், 'போர்ஷன் முடியல' என்பார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பாசாங்கும் கிடையாது. எந்தப் பிள்ளை முதலில் பீரியடை இழக்கும் என்று நினைக்கிறீர்கள்? பின்தங்கிய பிள்ளைதான். மற்றவர்கள் வெளியே ஓடும்போது அவனை வகுப்பில் உட்கார வைத்துத் தப்பை நூறு தடவை எழுதச் சொல்வார்கள். அவனுடைய ஒரே திறமை ஓட்டமாக இருக்கும். அதையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து அவன் அப்பாவைக் கூப்பிட்டு, 'உங்க பையனுக்கு உடலும் மூளையும் ஒருங்கிணையல சார், ஒரு புரோகிராம் இருக்கு' என்பார்கள்.

அசைவைச் சொல்லித்தர ஆள் இல்லாமலும் இல்லை. 2012இல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி. வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். சிட்கோவில் கதவருகே நிற்கும் செக்யூரிட்டியைக் கேட்டால்கூட அந்தச் சம்பளத்துக்குத் தலையாட்ட மாட்டார். அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2023இல்தான் 12,500 ஆக்குவதாக அறிவித்தார்கள், அதுவும் சென்னை டி.பி.ஐ. வளாகத்தில் வெயிலில் படுத்துக் கிடந்த பிறகு. தேர்தலுக்குத் தேர்தல் நிரந்தரம் செய்வோம் என்று வாக்குறுதி. ஆக, பிள்ளைகளை முறையாக ஓடவும் குதிக்கவும் பழக்கத் தெரிந்த மனிதர் மாதச் சம்பளத்துக்காகப் போலீஸ் வேனில் ஏறுகிறார். அவர் மாதத்தில் பார்க்காத தொகையை ஒரே பகலில் வாங்கிக்கொண்டு இன்னொருவர் காரில் இறங்குகிறார். இருவரில் யாருக்கு மாலை, பொன்னாடை என்று சொல்லத் தேவையில்லை.

சரி, அந்தப் பிள்ளை ஏன்தான் திணறுகிறது? ஆயிரம் காரணம். ஷிப்டு முடிந்து அப்பா தூங்குகிற நேரத்தில் அம்மா வேலைக்குப் போகிற வீட்டில் யாரும் அவனிடம் வாசித்துக் காட்டியதில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். மிஸ் சொல்லும் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கே முழுசாகப் பிடிபட்டதில்லை. ஈராசிரியர் பள்ளி என்றால் இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்க வேண்டும், அதில் ஒருவர் எமிஸ் என்ற ஆன்லைன் பதிவில் மூழ்கியிருப்பார். சிலருக்குப் பசி. பசி என்ற காரணத்தைக் கண்டுபிடிக்க எந்த மூளைப் பொத்தானும் வேண்டியிருக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள், மறுவருஷம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளும். உப்புமாவும் கிச்சடியும் இரண்டு மூளைப் பாதிகளையும் ஒரே வேளையில் எழுப்புகின்றன. சான்றிதழ் தருவதில்லை.

சிலருக்கு உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கும். எழுத்தும் ஒலியும் ஒட்டாது. அது சோம்பேறித்தனம் இல்லை, மூளை அடைப்பும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், எழுதித் தர ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர் எழுத்தை ஒலியோடு ஒட்டிப் பொறுமையாக, மாதக்கணக்கில் சொல்லித்தந்தால் அந்தப் பிள்ளை வாசிக்கும். இது ஒரு பகல் மண்டபத்தில் நடக்கிற காரியம் இல்லை. காசு வாங்கிய ஆள் மறுவாரம் திண்டுக்கல்லில் இருப்பார். பிள்ளையின் இரண்டு வருஷம் மண்டபத்தை நம்பியே போய்விடும். பலனில்லாததற்கும் 'வீட்டுல டெய்லி பிராக்டிஸ் பண்ணலையே' என்று பழி அம்மா மேல் விழும். கப்பலூரிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர் தோப்பூர். 2019 ஜனவரியில் பிரதமர் வந்து எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிய இடம். முதல் செட் மாணவர்கள் 2022இல் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் மூளையைப் பற்றிப் பேசத் தகுதியான ஆள் வருவதற்குள் தகுதியில்லாதவர் பத்து பேட்ச் முடித்துவிட்டார்.

நான் இந்த அசைவுகளைத் தடை செய்யச் சொல்லவில்லை. ஆள் மாற்றிக் கொடுங்கள் என்கிறேன். இடது மேஜையிலிருந்து வலது மேஜைக்கு ஒரு கோப்பு போக எட்டு மாதம் ஆகும் அலுவலகங்கள் இருக்கின்றன. குறுக்கு நடை அங்கேதான் அவசியம். தினம் காலை பத்தரைக்கு, வந்திருக்கும் பட்சத்தில், இருபது தடவை. படுத்த எட்டு போடத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம், அது ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. பகுதிநேர ஆசிரியரின் மனு மேஜைக்கு வந்தால் உடனே ஒரு கையைத் தொப்புளில் வைத்து மறுகையால் காறை எலும்புக்குக் கீழே அழுத்தவும். கழுத்துத் தமனி விழிக்காவிட்டாலும் குற்ற உணர்வாவது விழிக்கிறதா பார்ப்போம். அந்த 746 பள்ளித் தாளாளர்களுக்குச் சூப்பர்பிரெயின் யோகா. குறைகிற ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு தோப்புக்கரணம். ஒரு கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி. இதில் வாய்தா கிடையாது, தற்காலிக நீட்டிப்பும் கிடையாது. வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ளும் பயிற்சியைப் பள்ளி விழாவில் பேச வரும் பிரமுகர்களுக்கு ஒதுக்குகிறேன். மூளைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, அதுவரை பேச முடியாதல்லவா.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு, நாமும் யோக்கியம் இல்லை. 'சார், ஒரு பீரியடு விளையாட விடுங்க' என்று எந்தப் பெற்றோரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 'ஸ்கூல்ல விளையாட்டுத்தான் நடக்குது' என்று புகார் சொல்லிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றியவர்களைத் தெரியும். அதே ஆள் மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, மகன் கால் தூக்குவதைச் செல்போனில் பிடிக்கிறார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் கைக்கு ஒரு விருப்பப் படிவம் வரும். அசைவுவழிப் பயிற்சி, முன்பதிவுக்குச் சலுகை. வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கும், பேனாவை எடுத்து எழுதுங்கள். தனியார் பள்ளி என்றால்: மூன்று ஏக்கர் எங்கே? பி.டி. பீரியடு போன மாதம் எத்தனை நடந்தது, எத்தனையில் கணக்கு நடந்தது? அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து நின்று கேளுங்கள்: விளையாட்டுப் பொருள் வாங்கச் சமக்ர சிக்ஷா நிதியில் தொடக்கப்பள்ளிக்கு வருஷம் 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை மேல்நிலைக்கு 25,000 வரை உண்டே, அதில் என்ன வாங்கினீர்கள்? பந்து வாங்கினோம் என்பார்கள். பில்லும் காட்டுவார்கள். அத்தோடு உட்கார்ந்துவிட வேண்டாம். பந்து இருக்கிற பீரோவுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?